சின்ன ஊர், ஒரு கொலை, ஊர் முழுக்க வம்பு: இந்தக் கதைகளை ருசித்துப் படிப்பது எப்படி?

துப்பறியும் கதை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல்தான். முதல் பக்கத்தில் பிணம், மூன்றாம் பக்கத்தில் போலீஸ் ஜீப், நாம் இறங்க வேண்டிய ஊர் வருவதற்குள் கொலைகாரன் கையில் விலங்கு. அந்த வேகத்துக்கு ஒரு ருசி உண்டு, நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் அதே வேகத்தோடு ஒரு ஆங்கிலக் கிராமத்துக் கொலைக் கதையைக் கையில் எடுத்தால் ஐம்பது பக்கம் தாண்டுவது கஷ்டம். "என்னப்பா இது, டீ குடிக்கிறார்கள், பூச்செடியைப் பற்றிப் பேசுகிறார்கள், பாதிரியார் வீட்டு வேலைக்காரிக்குச் சமைக்கத் தெரியவில்லை என்கிறார்கள், கொலை எப்போதுதான் வரும்?" என்று அலுப்பு தட்டிவிடும். நல்ல வாசகர்கள் பலர் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த டீயிலும் பூச்செடியிலும்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், இந்த வகைக் கதைகள் முழுக்கத் திறந்துகொள்ளும். கெட்டிக்கார எழுத்தாளர் ஒரு துப்பை ஒளித்து வைக்க நினைத்தால், நமக்குச் சிரிப்பு வரும் வரியில் வைப்பார். நாம் சிரிக்கிறோம், சிரித்த திருப்தியில் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம், துப்பு பின்னால் தங்கிவிடுகிறது. அதனால் இந்தப் புத்தகங்களில் எங்கே சிரிப்பு வருகிறதோ அங்கே ஒரு நிமிடம் நின்று திரும்பப் பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதைப் பழகிக்கொள்ள உதவும் வழிகள்தான்.

முதலில் எதை எடுப்பது?

நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'. 1950-ல் வந்தது. கிராமத்தில் இருந்துகொண்டே கொலைகளைத் துப்பறியும் வயதான பெண்மணி மிஸ் மார்ப்பிள் வரும் நாவல்களில் இதுதான் முதலாவது என்று நினைத்துவிட வேண்டாம், அதற்கு முன்பே மூன்று வந்துவிட்டன. ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற கிராமத்தில் பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வீடு வீடாகப் போவதோடு கதை ஆரம்பிக்கிறது. வெள்ளிக்கிழமை என்பதால் உள்ளூர் வாரப் பத்திரிகையும் சேர்ந்து வருகிறது. அந்த ஊரில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதில் வரும் வரி விளம்பரங்களைத்தான்: யார் எதை விற்கிறார்கள், யாருக்கு வேலையாள் வேண்டும் என்பதையெல்லாம். அன்றைக்கு அந்த விளம்பரங்களுக்கு நடுவே ஒரு அறிவிப்பு. அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கல்யாணப் பத்திரிகை தோரணையில் போட்டிருக்கிறது.

அந்த முதல் அத்தியாயம் முழுக்க வீடு வீடாகப் போய், அதைப் படித்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும் காட்டுகிறார் கிறிஸ்டி. ஓய்வுபெற்ற கர்னலும் அவர் மனைவியும், ஒரு அம்மாவும் எழுத்தாளராக ஆசைப்படும் மகனும், பண்ணை வைத்திருக்கும் இரண்டு தோழிகள், பாதிரியாரின் மனைவி என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒவ்வொருவர் பேச்சும் ஒவ்வொரு மாதிரி. சில பக்கங்களிலேயே ஊர் மொத்தமும் நமக்கு அறிமுகமாகிவிடுகிறது.

சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். போகாமல் இருக்க யாராலும் முடியவில்லை, ஆனால் "கொலையைப் பார்க்க வந்தேன்" என்று வாய் திறந்து சொல்லவும் யாருக்கும் கூச்சம். அதனால் ஒவ்வொருவரும் ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் சும்மா வந்தேன் என்கிறார் ஒருவர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பூவைப் பார்த்து ஒரு வார்த்தை, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, பேச்சு நகர மறுக்கிறது. கடைசியாகப் பாதிரியாரின் மனைவி பன்ச் உள்ளே வருகிறார், நேரமாகிவிட்டதோ என்று கவலைப்பட்டுக்கொண்டே, கொலை எப்போது ஆரம்பிக்கும் என்று சந்தோஷமாகக் கேட்டுவிடுகிறார். எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொல்லிவிட்ட அந்த ஒரு ஆள்மேல் நமக்கு அங்கேயே பிரியம் வந்துவிடும்.

இந்தக் காட்சியைக் கட்டாயம் இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை சிரிப்பதற்கு. இரண்டாவது தடவை அந்தச் சங்கடமான சின்னப் பேச்சுகளை ஒவ்வொன்றாக, ஒரு போலீஸ்காரர் வாக்குமூலம் எடுப்பதுபோலப் படியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். வீணாக ஒரு வரிகூட இல்லை என்று மட்டும் சொல்கிறேன். பிறகு மணி ஆறரை அடிக்கிறது, விளக்கு அணைகிறது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

வம்பை எப்படிப் படிப்பது?

வம்புப் பேச்சு இந்தக் கதைகளின் உயிர். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் வம்பின் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: யாருக்கு யாரோடு தொடர்பு, யாருக்கு எவ்வளவு கடன். அது போதாது. ஒவ்வொரு வம்புக்கும் சொன்னவர் ஒருவர் இருக்கிறார், அவர் நின்ற இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு லாபமோ எரிச்சலோ இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மார்ப்பிளின் முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகரேஜ்', 1930. செயின்ட் மேரி மீட் என்ற ஊரின் பாதிரியார்தான் கதை சொல்கிறார். மதியச் சாப்பாட்டில் கடினமான மாட்டிறைச்சியை ஒருவழியாக அறுத்து முடித்து உட்கார்ந்ததும், கர்னல் ப்ரொதெரோவை யாராவது கொன்றால் அது உலகத்துக்கே செய்த உபகாரம் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். ஒரு பாதிரியார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை! பையன் ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கர்னல் செத்துக் கிடக்கும்போது இதை எடுத்துச் சொல்லுவார்கள் பாருங்கள் என்கிறான். சிரிப்புதான், ஆனால் எத்தனை வேலை அந்த ஒரு பேச்சில் முடிந்துவிட்டது: செத்துப்போகப் போகிறவர் யார், அவரை ஊரே வெறுக்கிறது, கதை சொல்கிறவர் நேர்மையான ஆள், நிதானமும் கொஞ்சம் குறைவு.

அதே நாவலில் பாதிரியாரின் இளம் மனைவி கிரிசெல்டா ஊரின் வயதான பெண்களை நாலரை மணிக்கு டீக்குக் கூப்பிடுகிறார். வரப்போகிறவர்களில் மிஸ் மார்ப்பிளைத்தான் அவர் ஊரிலேயே பெரிய வம்புக்காரி என்கிறார், எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு அதில் மோசமான அர்த்தத்தையே எடுப்பவர் என்றும் சொல்கிறார். மார்ப்பிள் எப்போதும் தோட்டத்தில்தான் இருப்பார். களை பிடுங்குகிற மாதிரியும் இருக்கும், யார் யார் எந்த வழியாகப் போனார்கள் என்று பார்க்கிற மாதிரியும் இருக்கும். பறவை பார்க்க ஒரு பைனாகுலர் வேறு வைத்திருக்கிறார், அது பறவைக்கு மட்டும்தான் பயன்படுகிறது என்று ஊரில் யாரும் நம்புவதில்லை.

இப்போது கவனியுங்கள். அந்த டீ நேரத்தில் நான்கு பெண்கள் பேசுகிறார்கள், நான்கு பேரும் ஒரே ஊரைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் சொல்வது கேள்விப்பட்டது, இன்னொருவர் சொல்வது தான் ஆசைப்பட்டது, மார்ப்பிள் சொல்வது மட்டும் கண்ணால் பார்த்தது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் கதையில் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். எனவே பென்சிலோடு படியுங்கள். "பார்த்தேன்" என்று வருகிற இடத்தில் ஒரு கோடு, "சொன்னார்கள்" என்று வருகிற இடத்தில் ஒரு சுழி. சின்ன வேலைதான், ஆனால் பெரிய பலன் தரும்.

மார்ப்பிள் எங்கிருந்து முளைத்தார் என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1926-ல் வந்த, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான ப்வாரோ வரும் ஒரு நாவலில் கிராமத்து டாக்டரின் அக்கா கரோலின் என்று ஒருவர் வருகிறார். வீட்டை விட்டு நகராமலேயே ஊர் விஷயம் அத்தனையும் அவரிடம் வந்து சேர்ந்துவிடும். ஒரு அத்தியாயம் முழுக்க மாஜாங் என்ற சீனக் காய் ஆட்டத்துக்கு நடுவே வம்பு நடக்கும், காயும் நகரும், வழக்கும் நகரும். கரோலினை எழுதியதில் கிடைத்த சந்தோஷத்திலிருந்துதான் மார்ப்பிள் பிறந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் சொல்கிறார்.

நம் தேவன் எழுதிய சாம்புவும் சிரிக்க வைப்பவர்தானே என்று கேட்கலாம். ஆமாம், வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். ஆனால் சாம்பு உளறுவது அதிர்ஷ்டத்தில் பலிக்கும், சிரிப்பு சாம்புவைச் சுற்றியே இருக்கும். மார்ப்பிள் கதைகளில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. ஊர் மொத்தமும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, அவர் ஊலன் பின்னிக்கொண்டே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாம்பு ரசிகர்கள் இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஏமாற மாட்டார்கள்.

ஊரை வரைந்துகொள்ளுங்கள்

'விகரேஜ்' நாவலில் பாதிரியார் வீடு, பக்கத்து வீடுகள், சந்து, தோட்டக் கதவு எல்லாம் காட்டும் படமே உண்டு. படம் இல்லாத புத்தகத்தில் நீங்களே ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. யார் ஜன்னலிலிருந்து யார் வாசல் தெரியும் என்பது மட்டும் போதும். சின்ன ஊரில் மறைவு என்பது கிடையாது, ஒருவர் கடைக்குப் போனால் பத்துப் பேருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் யார் கண்ணிலும் படாமல் ஒரு காரியம் செய்தார் என்றால் எப்படி என்ற கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும். பெருநகரக் கதையில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இருக்காது.

இறாலும் ஸ்காட்லாந்து யார்டும்

சிறுகதையில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்', 1932-ல் வந்த தொகுப்பு. அதன் முதல் கதைதான் மார்ப்பிள் முதன்முதலாக அச்சில் வந்த கதையும்கூட, 1927-ல் பத்திரிகையில் வந்தது. மார்ப்பிள் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கூடியிருக்கிறார்கள். எழுத்தாளரான சகோதரி மகன், ஓவியம் வரையும் ஒரு பெண், லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற சர் ஹென்றி, ஒரு வக்கீல், ஒரு பாதிரியார். ஆளுக்கொரு தீராத புதிர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விடை சொல்ல வேண்டும் என்று முடிவாகிறது. ஓவியப் பெண் தலையை எண்ணுகிறார்: ஐந்து பேர்தான் இருக்கிறோம், ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்குமே. என்னை விட்டுவிட்டாயே அம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் மார்ப்பிள். அது அவர் வீடு, அவர் நெருப்பு, அவர் நாற்காலி! எண்ணிக்கையில் மட்டும் அவர் இல்லை.

உங்கள் வாழ்க்கையில் மர்மம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, ஊரில் ஒரு அம்மா உரித்த இறால் வாங்கி, இன்னும் இரண்டு கடைக்குப் போய்விட்டு வீடு வந்து பார்த்தால் இறாலைக் காணோம் என்ற கதையைச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு சர் ஹென்றி ஒரு விஷக் கொலையைச் சொல்கிறார், உலகம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விடை சொல்கிறார்கள், மார்ப்பிள் தன் முறை வந்ததும் ஊரில் இருந்த ஒரு கிழவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நெளிகிறார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மார்ப்பிளின் முறை இதுதான். ஒரு கிராமத்தில் எல்லா வகை மனிதர்களும் இருக்கிறார்கள், லண்டனில் பெரிய அளவில் நடப்பது அங்கே சின்ன அளவில் நடந்து முடிந்திருக்கும். இறாலை யார் எடுத்தார் என்று புரிந்தவருக்குச் சொத்தை யார் எடுப்பார் என்றும் புரியும். ஆகவே மார்ப்பிள் "இவரைப் பார்த்தால் எனக்கு இன்னார் ஞாபகம் வருகிறது" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் குறித்து வையுங்கள். ரேஷன் கடை வரிசையிலும் கோயில் பிராகாரத்திலும் நாம் கேட்டு வளர்ந்த பேச்சு இது, நமக்கு இந்த முறை சுலபமாகப் பிடிபடும். உங்கள் தெருவில் அப்படி யார் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். பல சமயம் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு முன்பாகவே நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

வருட வரிசையில் படிப்பதன் லாபம்

கொலைப் புதிருக்காக மட்டும் என்றால் எந்த வரிசையில் படித்தாலும் சரி. ஊருக்காகப் படிக்க வேண்டும் என்றால் வருடப்படி படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதில்தான் இருக்கிறது.

1942-ல் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் காஸிங்டன் ஹால் என்ற பெரிய வீட்டின் நூலக அறையில் முன்பின் தெரியாத ஒரு இளம்பெண்ணின் பிணம் கிடக்கிறது. வீட்டுக்கார அம்மா திருமதி பேன்ட்ரி மார்ப்பிளுக்குப் போன் போட்டுக் கூப்பிடுகிறார், நம் வீட்டில் கொலை என்று நடந்துவிட்ட பிறகு அதைக் கொஞ்சம் அனுபவித்துத்தான் பார்ப்போமே என்ற உற்சாகத்தில். செய்தி ஊருக்குள் வாய் மாறி வாய் மாறிப் போவதை ஒரு முழு அத்தியாயத்தில் காட்டுகிறார் கிறிஸ்டி, ஒவ்வொரு வீட்டிலும் அது கொஞ்சம் பெருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் படிப்போம். ஆனால் நாட்கள் போகப் போக கர்னல் பேன்ட்ரியை விருந்துக்குக் கூப்பிடுவதை ஊர் மெல்ல நிறுத்துகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை, அழைப்பு மட்டும் வருவதில்லை. உண்மையான கொலைகாரன் பிடிபடாவிட்டால் இந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகவே செத்துப்போவார் என்று மார்ப்பிளுக்குத் தெரியும். அதே வம்பு, முதலில் வேடிக்கை, பிறகு ஆயுதம். கொலையை வைத்துச் சிரிப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் புத்தகத்தைத்தான் கொடுப்பேன்.

1950-ன் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'க்கு வந்தால் போர் முடிந்துவிட்டது, ரேஷன் அட்டை புழக்கத்தில் இருக்கிறது, ஊரில் புது முகங்கள். பதினைந்து வருடம் முன்பு ஒவ்வொருவரும் யார் என்று எல்லோருக்கும் தெரியும், புதிதாக வந்தால் அறிமுகக் கடிதத்தோடு வருவார்கள், இப்போது ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதுதான் நமக்குத் தெரிந்தது என்று மார்ப்பிள் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. போர் ஒரு கிராமத்தை என்ன செய்தது என்பதை அவ்வளவு சுருக்கமாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. அந்தப் பேச்சு வழக்குக்கும் முக்கியம், அதனால் அதையும் இரண்டு தடவை.

1962-ல் 'தி மிரர் கிராக்டு'. அதே காஸிங்டன் ஹால் இப்போது ஒரு சினிமா நட்சத்திரத்தின் கையில். கர்னல் காலமாகிவிட்டார், திருமதி பேன்ட்ரி அதே வளாகத்தின் வாசல் வீட்டில் குடியிருக்கிறார். ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு வந்துவிட்டது, மார்ப்பிளைக் குனிந்து தோட்ட வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருடம் முன்பு அந்த நூலக அறையைப் பார்த்தவருக்குத்தான் இதன் கனம் தெரியும்.

இங்கிலாந்துக்கு வெளியே

ஒரே ஊரில் தங்கிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் வடக்கே லாக்டூ என்ற கற்பனைக் கிராமத்தில் ஹேமிஷ் மெக்பெத் என்ற கான்ஸ்டபிள் இருக்கிறார். எம்.சி. பீட்டன் 1985-ல் ஆரம்பித்த வரிசை, முதல் நாவல் 'டெத் ஆஃப் எ காஸிப்' மீன்பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் நடக்கிறது. ஹேமிஷுக்கு மூளை இருக்கிறது, பதவி ஆசை இல்லை. கொலைகாரனைக் கண்டுபிடித்த பெருமையை மேலதிகாரி பிளேருக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுவார், பதவி உயர்வு வந்தால் ஊரை விட்டுப் போக வேண்டுமே என்ற பயத்தில்! வீட்டுக்கு மூத்த பிள்ளை, தம்பி தங்கைகளுக்குப் பணம் அனுப்புகிறவர், மற்றவர் தண்ணீரில் சால்மன் மீன் பிடிக்கிறவரும்கூட. நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் ஆள். வரிசையாகப் பத்து படித்தால் திகட்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். இதே பீட்டனின் அகதா ரெய்சின் வரிசை 1992-ல் ஆரம்பித்தது. லண்டனிலிருந்து கிராமத்துக்கு வந்த ஒரு பெண் ஊர்ப் போட்டியில் ஜெயிக்கக் கடையில் வாங்கிய கீஷ் பலகாரத்தைத் தான் சுட்டது என்று வைக்கிறாள், அதைத் தின்ற நடுவர் செத்துப்போகிறார். ஏமாற்றை ஒப்புக்கொண்டால்தான் கொலைப் பழியிலிருந்து தப்ப முடியும் என்ற நிலைமை ஒன்றே போதும் அந்தப் புத்தகத்தை எடுக்க.

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனால் விகாட்டா. அன்ட்ரேயா காமில்லெரி நாடகம், டிவி என்று வேலை பார்த்துவிட்டு எழுபதை நெருங்கும்போது, 1994-ல், இன்ஸ்பெக்டர் மான்டல்பானோவின் முதல் நாவலை வெளியிட்டார். விகாட்டா கற்பனை ஊர், அதற்கு மூலம் அவர் பிறந்த போர்ட்டோ எம்பெடோக்ளே. கதை பிரபலமாகி, 2003-ல் அந்த நிஜ ஊர் தன் பெயரோடு விகாட்டாவைச் சேர்த்துக்கொண்டது, சில வருடம் அப்படியே இருந்தது. இங்கே மாஃபியாவும் அரசியல் ஊழலும் உண்டு, மார்ப்பிள் கதையின் மென்மையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சிரிப்பு ஏராளம். ஸ்டேஷனில் கத்தரெல்லா என்ற போலீஸ்காரர் போனில் வரும் எந்தப் பெயரையும் சரியாகச் சொன்னதில்லை. மான்டல்பானோ சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. வீட்டு வேலை செய்யும் அடெலினாவின் பிள்ளைகள் திருட்டுத் தொழிலில் இருப்பவர்கள், அவர்களில் ஒருவனைக் கைது செய்ததே இவர்தான், ஆனாலும் அந்த அம்மா சமைத்து வைத்துவிட்டுப் போனதைக் கதவைத் திறந்து பார்க்கும்போது இவர் முகம் மலர்வதைப் படிக்க வேண்டும். இதைப் பசியோடு படிக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் கடைசியில் உணவு, வழக்கு, அரசியல் எல்லாவற்றுக்கும் குறிப்புகள் இருக்கின்றன, அவற்றை விடாதீர்கள்.

கொலையே வேண்டாம் என்பவர்களுக்கு போட்ஸ்வானாவின் மா ரமோட்ஸ்வே. அப்பா விட்டுச்சென்ற மாடுகளை விற்றுத் துப்பறியும் நிலையம் வைத்த பெண், 1998-ல் தொடங்கிய வரிசை. நடப்பது தலைநகர் கபரோனேயில்தான், ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் போலவே இருக்கும்.

கொலைகாரனை நீங்களே பிடிக்க ஆசைப்பட்டால்

தாராளமாக முயலுங்கள். 1929-ல் ரோனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், இந்தக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவர் கண்ட துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. அதனால் முதல் ஐந்தாறு அத்தியாயத்தில் வரும் எல்லாப் பெயரையும் எழுதி வையுங்கள், சமையல்காரியையும் தபால்காரரையும் சேர்த்துத்தான். துப்பறிபவர் முகத்தில் ஏதோ பிடிபட்டதுபோல ஒரு மாற்றம் வரும் இடம் ஒன்று எல்லாக் கதையிலும் உண்டு. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பெயரும் அதற்கு மூன்று காரணமும் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். காரணம் கட்டாயம் வேண்டும், வெறும் சந்தேகம் கணக்கில் வராது. காரணம் தேடும்போதுதான், சிரித்துவிட்டுத் தாண்டிப் போன வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்.

விடை தெரிந்த பிறகு ஒரு மாதம் கழித்து அதே புத்தகத்தை மறுபடி படியுங்கள். இந்த வகையில் நல்ல புத்தகத்துக்கு இதுதான் சோதனை. விடை தெரிந்தும் ருசி குறையாது. முன்பு வேடிக்கையாகப் பட்ட ஒரு வரி இப்போது முதுகைச் சில்லிட வைக்கும், கொலைகாரர் வாயிலிருந்து வந்த பொய் எது, உண்மை எது என்று பார்த்துப் பார்த்து வியக்கலாம். கிறிஸ்டியின் பாத்திரங்கள் அப்பட்டமான உண்மையை எவ்வளவு துணிச்சலாக எல்லோர் முன்னாலும் சொல்கிறார்கள் என்பது இரண்டாம் வாசிப்பில்தான் தெரியும்.

வேறு சில விஷயங்கள்

ஆங்கிலம் பயமுறுத்துமோ என்று தயங்க வேண்டாம். கிறிஸ்டி எழுதுவது நேரான, சின்ன வாக்கியங்கள், பெரும்பாலும் உரையாடல். ப்ளஸ் டூ ஆங்கிலம் போதும், அதற்கு மேல் வருவது பழகப் பழக வரும். பழைய புத்தகக் கடைகளில் இவருடைய புத்தகங்கள் சுலபமாகக் கிடைக்கும், பின் அட்டையை மட்டும் படிக்காதீர்கள், சில பதிப்புகளில் பாதிக் கதையை அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

டிவியில் பார்த்துவிட்டுப் படிக்கலாமா என்றால், வேண்டாம், படித்துவிட்டுப் பாருங்கள். பிபிசிக்காக ஜோன் ஹிக்சன் நடித்த வரிசை 1984 முதல் 1992 வரை வந்தது, மார்ப்பிள் நாவல்கள் பன்னிரண்டையும் எடுத்தார்கள், அதைத்தான் நான் முதலில் சொல்வேன். பின்னால் ஐடிவியில் வந்த வரிசையில் மார்ப்பிள் இல்லாத கதைகளிலும் அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள், சிலவற்றில் முடிவையும் மாற்றினார்கள், அதை மூலக் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு கொலையா என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். அமெரிக்காவில் 'மர்டர், ஷீ ரோட்' தொடர் 1984-ல் ஆரம்பித்து 264 பகுதி ஓடியது. அதில் கேபட் கோவ் என்ற சின்ன ஊரில் நடந்த கொலைகளைக் கணக்குப் போட உட்கார்ந்தால் கதையை ரசிக்க நேரம் இருக்காது.

கடைசியாக, மார்ப்பிள் நாவல்களை வரிசையாக முடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். பட்டியலில் கடைசியாக இருக்கும் 'ஸ்லீப்பிங் மர்டர்' 1976-ல், கிறிஸ்டி இறந்த வருடம் வெளிவந்தது, ஆனால் பல வருடம் முன்பே எழுதிப் பத்திரமாகப் பூட்டி வைத்தது. அதில் மார்ப்பிள் இன்னும் சுறுசுறுப்பாக நடமாடுகிறார். கடைசியில் வைத்துப் படித்தால் வயது பின்னோக்கிப் போனதுபோல இருக்கும். அதனால் அதை 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'க்குப் பக்கத்தில் படித்துவிடுங்கள், கடைசிக்கு 1971-ன் 'நெமிசிஸ்' இருக்கட்டும், அவர் கடைசியாக எழுதிய மார்ப்பிள் நாவல் அதுதான்.